வேண்டாம் என்பவர்கள் உட்காரலாம்

சிட்டம்மாளின் வலது தொடையில் இரண்டு ஈய ரவைகள் இன்னும் உள்ளேயே இருந்தன. நின்றால் எரியும். வெயிலில் நின்றால் இடுப்புவரை இழுக்கும். முதலியார் களத்தில் அவள் வந்து நின்று ஒரு மணி நேரமாகிவிட்டது.

"உன் தொடையில கீற ஈயத்த உருக்கினா எனக்கு ஒரு மெட்டி ஆவும்டி" என்றாள் பக்கத்தில் நின்ற முனியம்மாள்.

"ஆவும். உன் மூஞ்சிக்கு ஈயமே ஜாஸ்தி."

போன வருஷம், அறுபத்திரண்டில், வேர்க்கடலைக் கொல்லையில் விடிகாலை மிச்சக் காய் பொறுக்கக் குனிந்திருந்தவளைச் சுட்டுவிட்டு, பன்றி என்று நினைத்தேன் என்றார் வேதாசல முதலியார். அவருடைய பயிர்க்காவல் துப்பாக்கி அன்றிலிருந்து போலீஸ் ஸ்டேஷனில் கிடக்கிறது. இப்போது மானாம்பதிப் பக்கத்து ஊர்களில் இந்தத் துப்பாக்கிகள் வேண்டுமா, வேண்டாமா என்று ஜனங்களையே கேட்டுவர மேலேயிருந்து உத்தரவு. அதிகம் பேர் சொல்வதுதான் முடிவு. வேண்டாம் என்று சொல்ல நேற்றே சேரியில் பேசி வைத்திருந்தார்கள்.

ஜீப்பில் வந்த அதிகாரிக்கு இன்னும் மூன்று ஊர் பாக்கி.

"ஒவ்வொருத்தரா கேட்டா பொழுது போயிடும். துப்பாக்கி வேணும்னா நில்லுங்க. வேணாம்னா உட்காருங்க. எண்ணிக்கிறேன்."

அவர் பக்கத்து நாற்காலியில் முதலியார் இருந்தார். முதலியார் எதிரில் சேரி ஆள் உட்கார்ந்ததே இல்லை. பிள்ளைத்தாச்சிகள்கூட நின்றுதான் கூலி நெல் வாங்குவார்கள்.

களத்துக்கு வந்திருந்த சேரி ஜனம் நாற்பத்தொரு பேரும் நின்றார்கள். ஒருவர் காலை ஒருவர் பார்த்தார்கள்.

"என்ன, எல்லாருக்கும் வேணுமா?" அதிகாரி பென்சிலை எடுத்தார்.

சிட்டம்மாள் உட்கார்ந்தாள்.

முனியம்மாளின் முழங்கால் மடங்கி, பாதியில் நின்றது. பின்னால் இன்னும் இரண்டு பேர் குனிந்தார்கள்.

முதலியார் சிரித்தார். "அவளுக்குக் கால் நோவு சார்." அவள் புருஷன் பக்கம் திரும்பினார். "இன்னாடா ஐசக்கு? நோவுக்குத்தானே குந்தினா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அத்தனை பேரும் குந்திவிடுவார்கள். ஐசக்குக்கு அது தெரிந்தது. நாளைக்கு நடவு என்பதும் தெரிந்தது. முதலியாரை விட்டால் அவனுக்கு வேலை தர ஆளில்லை.

"ஆமா ஆண்டே. நோவுதான்."

முனியம்மாளும் பின்னால் குனிந்த இரண்டு பேரும் நிமிர்ந்துவிட்டார்கள்.

"இல்ல சார், நான் வேணான்னுதான்..." என்று சிட்டம்மாள் ஆரம்பித்தாள்.

"அதான் புருஷனே சொல்லிட்டானே." வேண்டும் என்பவர்கள் நாற்பத்தொன்று என்று எழுதி, அதிகாரி நோட்டை மூடினார்.

துப்பாக்கி இருபது நாளில் திரும்பி வந்தது.

எண்ணிக்கை எடுத்த அன்று களத்திலிருந்து போகும்போது ஐசக் நீட்டிய கையை சிட்டம்மாள் பிடிக்கவில்லை. "என் காலுக்கு நோவு. உன் வாய்க்கு இன்னாய்யா வந்தது?" என்று மட்டும் கேட்டாள்.

அவளுக்கு அவன் ஒரு "இல்லை" பாக்கி. இன்னும் தரவில்லை.