மாவுக்கட்டிலும் ஒரு கையெழுத்து

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தையற்கடையின் பின்னறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். இருந்த ஒரே நல்ல நாற்காலியில், குழந்தையைப் பெற்ற தகப்பன், லாரி ஓட்டுபவர். கட்டில் ஓரத்தில் குழந்தையின் தாய். துணி மூட்டைமேல், சாட்சிக்கு வந்த அடுத்த வீட்டுப் பள்ளிக்கூட எழுத்தர். மிஷினுக்கு முன்னால் ஸ்டூலில், தாயை மறுமணம் செய்துகொண்ட தையற்காரர். வெட்டுமேசைக்கு அடியில், கையில் மாவுக்கட்டோடு ஏழு வயதுக் குழந்தை. பெற்றவர் அவளுக்கு லாரியப்பா, வளர்ப்பவர் தையலப்பா. அதில் அவளுக்கு ஒரு குழப்பமும் கிடையாது.

குழப்பமெல்லாம் ஆஸ்பத்திரிக்குத்தான். போன மாதம் அவள் படியில் விழுந்து கை முறிந்தபோது தூக்கிக்கொண்டு ஓடியவர் தையற்காரர். எலும்பைச் சேர்த்துவைக்க ஒப்புதல் கையெழுத்து வேண்டுமென்றார்கள். இவர் பேனாவை எடுத்ததும், நீங்கள் யார் என்று கேட்டார்கள். சட்டப்படி அவர் யாருமில்லை. தாய் வேலையிலிருந்து வந்து சேரும்வரை, இரண்டு மணி நேரம், குழந்தை வலியில் துடிப்பதைக் கையைப் பிசைந்துகொண்டு பார்த்திருந்தார்.

மறுநாளே, குழந்தைக்குச் சட்டப்படி தானும் ஒரு பெற்றோராகப் பொறுப்பேற்பதற்கான படிவத்தை வாங்கி நிரப்பி அனுப்பினார். பத்தே நாளில் திரும்பி வந்தது. 'தகப்பனார் சம்மதம்' என்ற கட்டத்தில் அவரே கையெழுத்துப் போட்டிருந்தார். நாலு வருஷமாகப் பள்ளிக்கூட மதிப்பெண் அட்டையில் போட்டுப் பழகின கை; அந்த வார்த்தையைக் கண்டதும் தானாக ஓடிவிட்டது.

அதனால்தான் லாரிக்காரரை வரச்சொன்னது. அவர் புதுப் படிவத்தை இரண்டு தடவை படித்தார். பேனாவை மூடினார்.

"இதுல கையெழுத்துப் போட்டா, நான் அவளுக்கு யாரும் இல்லன்னு ஆயிடுமா?"

எழுத்தர் படிவத்தின் பின்பக்கத்தைக் காட்டி நிதானமாக விளக்கினார். ஒருவர் பேரை அடித்துவிட்டு இன்னொருவர் பேரை எழுதுகிற விஷயமில்லை. தாயும் தகப்பனும் அப்படியே இருக்க, மூன்றாவதாக ஒருவர் சேருகிறார், அவ்வளவே. லாரிக்காரர் முகம் தெளியவில்லை. திரும்பி வந்த பழைய படிவத்தைக் கேட்டு வாங்கி, அந்தத் தப்புக் கையெழுத்தை வெகுநேரம் பார்த்தார்.

"என் வேலைய எல்லாம் நீங்கதான் பாத்துட்டீங்க மாஸ்டர். கையெழுத்தையாவது எனக்கு விட்டு வைக்கக் கூடாதா?"

தாய்தான் முதலில் சிரித்தாள். பழக்கதோஷம், வேண்டுமென்று போடவில்லை என்று தையற்காரர் தலையைச் சொறிந்தார்.

"தெரியுதுங்க. வேணும்னு போடுறவன் இவ்வளவு அழகாப் போட மாட்டான்."

மேசைக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "லாரியப்பா, என் கட்டுலயும் போடு. தையலப்பா எப்பவோ போட்டாச்சு."

அவர் தரையில் உட்கார்ந்து, மாவுக்கட்டில் தையற்காரர் பேருக்குப் பக்கத்தில் மிச்சமிருந்த இடத்தில் முதலில் போட்டார். அந்தக் கையோடு படிவத்திலும் போட்டார். எழுத்தர் சாட்சி எழுதினார். தையற்காரர் மட்டும், இதுதானே தன் கட்டம் என்று மூன்று பேரிடமும் தனித்தனியாகக் கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் தொட்டார்.

உறையின் வாயில் பசை தடவி, சட்டைக் காலரை அழுத்துவதுபோல் இளஞ்சூட்டு இஸ்திரிப் பெட்டியால் ஒரு இழுப்பு இழுத்தார். தெருமுனைத் தபால்பெட்டிவரை எல்லோரும் நடந்தார்கள். இரண்டு அப்பாக்களும் சேர்ந்து தூக்கிப் பிடிக்க, குழந்தை நல்ல கையால் உறையை உள்ளே தள்ளினாள். டொப்பென்று விழுந்தது.