பெயர் ஒட்டிய தட்டுகள்

மார்சி பாத்திரம் கழுவும் தொட்டியின் வடிகட்டியைப் பிடுங்கி எடுத்து, அதில் சுருண்டு கிடந்த டேப் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து ஜன்னல் விளிம்பில் பரப்பினாள். வெந்நீரில் ஊறி நைந்திருந்தாலும் அம்மாவின் கறுப்பு மார்க்கர் எழுத்து அழியவில்லை. மார்செலா என்று அவளுடைய முழுப்பெயர். பக்கத்து வீட்டு டெலோரஸ். பாஸ்டர். நூலகத்தில் வேலை பார்க்கும் பெண்மணி. சித்தி பிள்ளைகள் மூன்று பேர். துண்டுகள் ஏழு, தட்டுகள் எட்டு. தம்பி டாரலின் பெயரைக் காணவில்லை.

"இன்னும் கொஞ்சம் தேடிப் பாரு கண்ணு," என்றார் டெலோரஸ். கழுவித் துடைத்த தட்டுகள் எட்டையும் அடுக்கி வைத்துவிட்டு, ஏப்ரனில் கையைத் துடைத்துத் துடைத்து அவருக்குக் கையே சிவந்துபோயிருந்தது. "தப்பு என்மேலதான். அடியில பேரைப் பாத்தேன். யாரோ பிரவுனி கேக் கொண்டு வந்த தட்டுன்னு நெனச்சுட்டேன்."

"பரவால்ல டெலோரஸ். விடுங்க."

"சாப்பிடறதுக்கு இல்லன்னு பின்னாடி அச்சடிச்சிருக்கு. அதுல அவிச்ச முட்டையை வெச்சு ஊருக்கே பரிமாறியிருக்கேன். இர்மா இருந்திருந்தா என்னைக் கொன்னுருப்பா."

மார்சியின் அம்மா இர்மாவைத்தான் அன்று காலை அடக்கம் செய்திருந்தார்கள்.

டெலோரஸைக் குற்றம் சொல்லி என்ன செய்வது? எங்கள் பிரெண்டல் ஊரில் சாவு வீட்டுக்கு யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. உருளைக்கிழங்கும் சீஸும் போட்டுச் சுட்ட பதார்த்தமோ, பன்றிக்கறியோ, ஜெல்லியோ ஏதாவது ஒன்று வரும். அதன் அடியில் டேப் ஒட்டிப் பெயர் எழுதியிருக்கும். சாப்பாடு முடிந்ததும் பெண்கள் கழுவிக் கவிழ்த்துப் பெயரைப் பார்த்து அவரவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். வழக்கமாக இதெல்லாம் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நடக்கும். இந்த மார்ச்சில் பனி உருகி அங்கே முழங்கால் அளவு தண்ணீர். அதனால் சாப்பாடு இர்மாவின் வீட்டுக்கே வந்துவிட்டது. சாப்பாட்டு மேசையில் அடியில் பெயர் ஒட்டிய தட்டுகள் அடுக்காக இருந்தால் எந்தப் பெண்தான் எடுத்துப் பரிமாறாமல் இருப்பாள்?

அவை பரிமாறுகிற தட்டுகள் இல்லை. கூடத்துச் சுவரில் இருபத்தைந்து வருடம் மாட்டியிருந்தவை. ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரோடு வரும் இதழில் கூப்பன் வெட்டி அனுப்பினால், மாதம் ஒன்றாக, சான்றிதழோடு தபாலில் வரும். சின்ன ஊரில் வளரும் பிள்ளைகளின் படங்கள். ஐஸ்கிரீம் கடையில் காசு எண்ணும் சிறுமி. பள்ளி பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் பையனும் நாயும். முதல் முடிவெட்டுக்கு அழும் குழந்தை. பாலத்தில் உட்கார்ந்து தூண்டில் போடும் பையன். குறைந்த எண்ணிக்கையில் வெளியிடப்பட்டது என்று பின்னால் தங்க எழுத்தில் இருக்கும். எங்கள் ஊரில் அந்தத் தட்டு இல்லாத வீடு கிடையாது.

தூண்டில் பையனைக் காட்டி, "இது என் பிள்ளை," என்பாள் இர்மா, வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம். டாரல் ஜென்மத்தில் தூண்டில் பிடித்ததில்லை. புழுவைக் கண்டால் ஓடிவிடுவான்.

நோயில் படுக்கையில் விழுவதற்கு முன்பே இர்மா ஒவ்வொரு தட்டின் பின்னாலும் பெயர் ஒட்டி முடித்துவிட்டாள். அப்பா பெயிண்ட் அடிக்க வைத்திருந்த பழைய டேப் சுருள்தான் கிடைத்தது போலிருக்கிறது. "என்னைப் புதைச்சதுக்கு அப்புறம்தான் திருப்பிப் பாக்கணும்," என்று மார்சியிடம் கண்டிப்பாகச் சொன்னாள். "முன்னாடியே பாத்தீங்கன்னா என் காதுபடச் சண்டை போடுவீங்க."

மார்சி நேற்று தட்டுகளைக் கழற்றிச் சாப்பாட்டு மேசையில் அடுக்கும்போது திருப்பிப் பார்த்திருக்கலாம். முதல் தட்டில் தன் பெயரைப் பார்த்தாள். அதற்குமேல் பார்க்கத் தைரியம் வரவில்லை. டாரல் பெயர் இல்லாவிட்டால்?

அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. அப்பாவின் அடக்கத்துக்கு டாரல் வரவில்லை. பாதி வழியில் கார் பழுதாகிவிட்டது என்றான். பாதி வழியில் எந்த மதுக்கடையில் நின்றது என்று அம்மாவுக்குத் தெரியும். "இனிமே எனக்கு ஒரே பிள்ளைதான்," என்று அன்றைக்குச் சொன்னாள். அதற்குப் பிறகு அவன் குடியை விட்டான், வேலை தேடிக்கொண்டான், ஒமாஹாவில் ஒழுங்காக இருந்தான். போன மாதம் அம்மாவைப் பார்க்க வந்து, படுக்கையறை வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கவில்லை. மார்சிக்குத் தெரியும், அவனுக்கும் தெரிந்திருக்கும்.

இன்று காலை சவ ஊர்தி தேவாலயத்திலிருந்து கல்லறைக்குப் போகும்போது தானியக் கிடங்கு பக்கத்து ரயில் கேட் இறங்கிவிட்டது. எங்கள் ஊர்ச் சரக்கு ரயிலுக்கு ஈவு இரக்கமே கிடையாது, கல்யாணமோ சாவோ நின்றுதான் ஆகவேண்டும். காரில் மார்சியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டாரல் முன்னால் நின்ற ஊர்தியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மாவுக்கு இந்த ரயிலைக் கண்டாலே ஆகாது," என்றான். "கடைசியா இதுக்குப் பின்னாடியே நிக்க வேண்டியதா போச்சு."

"திட்டிக்கிட்டுதான் படுத்திருப்பாங்க."

அவன் சிரித்தான். பிறகு, "என்னைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டான்.

ரயில் பெட்டிகள் ஓடிக்கொண்டே இருந்தன. அம்மா ஒன்றுமே சொல்லவில்லை என்பதுதான் உண்மை.

"தட்டுக்குப் பின்னாடி பேர் எழுதி வெச்சிருக்காங்க," என்றாள். "சாப்பாடு முடியட்டும். பாக்கலாம்."

அவன் தலையாட்டினான். அதற்குப் பிறகு சாப்பாட்டு நேரம் முழுக்க, யார் கை குலுக்கினாலும், அவன் கண் மேசைப்பக்கமே இருந்தது.

இப்போது அவன் முன்வாசலில் பாஸ்டரை வழியனுப்பிக்கொண்டிருந்தான். இரவு ஷிப்டுக்குப் போகவேண்டும், கோட்டைப் போட்டுவிட்டான். மார்சி குப்பைக் கூடையைக் கவிழ்த்துப் பார்த்தாள். துடைத்த துணிகளை உதறினாள். தொட்டிக்கு அடியில் கையை விட்டுத் துழாவினாள். இவன் வெறுங்கையோடு போனால் திரும்பி வரமாட்டான். வழியில் எங்கே நிறுத்துவானோ அதுவும் தெரியாது. அப்பா போயாயிற்று, அம்மா போயாயிற்று. மிச்சம் இவன் ஒருவன்தான்.

"மார்சி, நான் கெளம்பட்டுமா?" என்று வாசலிலிருந்து அவன் குரல் வந்தது.

"ஒரு நிமிஷம் இரு. பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்."

அடுக்கிலிருந்து தூண்டில் பையன் தட்டை உருவிக்கொண்டு, மேசை இழுப்பறையில் இருந்த பழைய டேப் சுருளையும் மார்க்கரையும் ஏப்ரனுக்குள் மறைத்துக் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டாள். அம்மா எல்லோருக்கும் முழுப்பெயர்தான் எழுதியிருந்தாள். மார்சியும் டாரல் என்று முழுப்பெயரை எழுதினாள். அம்மாவின் எழுத்து கொஞ்சம் இடப்பக்கம் சாயும். இவளும் எழுத்தை அதேபோலச் சாய்த்தாள். கண்ணாடியில் தன் முகம் தெரிந்ததும் விளக்கை அணைத்துவிட்டாள்.

டாரல் தட்டை இரண்டு கையாலும் வாங்கினான். முதலில் படத்தைப் பார்த்தான். "இந்தப் பையனா," என்றான். திருப்பிப் பெயரைப் பார்த்தான். கட்டைவிரலால் டேப்பை ஒருமுறை தடவினான். முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். மார்க்கர் மையின் நெடி மார்சி நின்ற இடம் வரைக்கும் வந்தது.



"பேப்பர் இருந்தா குடு, சுத்தி எடுத்துட்டுப் போறேன்," என்றான். "டெலோரஸ்கிட்ட சொல்லு, முட்டை நல்லா இருந்துச்சு."

"ஈஸ்டருக்கு வருவேல்ல?"

"பாக்கலாம்."

கட்டிப்பிடித்தபோது அவன் கோட்டில் இனிப்பாக ஏதோ மணத்தது. தேவாலயத்துப் பூவாக இருக்கும். அவன் கார் தெருமுனையில் திரும்புகிற வரைக்கும் நின்றாள். அவனுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்தது. அம்மா தனக்கு ஒன்றும் வைத்துவிட்டுப் போகவில்லை, அக்கா பரிதாபப்பட்டுப் போலியாக ஒன்று செய்து கொடுத்தாள் என்று இந்நேரம் அவன் மனசுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். இதற்கு வெறுங்கையோடு அனுப்பியிருக்கலாம். கூடத்துக்குத் திரும்பி வந்தாள். சுவரில் தட்டுகள் இருந்த இடங்கள் மட்டும் வட்டம் வட்டமாகப் பளிச்சென்று இருந்தன. "ஏம்மா இப்படி பண்ணே?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள். அம்மாவின்மேல் அவளுக்கு வந்த கோபம் அவளுக்கே பயமாக இருந்தது.

பின்கதவு தட்டப்பட்டது. டெலோரஸ், மூச்சு வாங்க, தன்னுடைய கண்ணாடிப் பாத்திரத்தைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கண்ணு, வீட்டுக்குப் போயி அலமாரியில வைக்கும்போது பாத்தேன். என் பேருக்குப் பக்கத்துல இன்னொரு பேரும் ஒட்டிக்கிட்டு இருக்கு. ஈரத்தோட ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கினேன்ல, அப்ப வந்திருக்கும்."

பாத்திரத்தின் அடியில் நைந்த மஞ்சள் டேப். இடப்பக்கம் சாய்ந்த எழுத்து. முழுப்பெயர் இல்லை. டாரி என்று இருந்தது.

அந்தப் பெயரைச் சொல்லி அவனைக் கூப்பிட்டு எத்தனையோ வருடமாயிற்று. சின்ன வயதில் சாயங்காலம் பின்வாசலில் நின்று அம்மா அப்படித்தான் கூப்பிடுவாள், இரண்டு தெரு தள்ளிக் கேட்கும்.

"இந்தத் தெருவுல டாரின்னா உன் தம்பி ஒருத்தன்தானே," என்றார் டெலோரஸ். "அழாத கண்ணு. போன் பண்ணு."

மார்சி போன் செய்தாள். அவன் எடுக்கவில்லை. மறுபடி செய்தாள். எடுக்கவில்லை. டேப்பை நுனியிலிருந்து மெதுவாக உரித்தாள். கிழிந்துவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வைக்க இடம் தெரியாமல் தன் இடது புறங்கையில் ஒட்டிக்கொண்டு, ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் காரை எடுத்தாள்.

பிரதான சாலையில் இருபத்தைந்து மைல் வேகத்துக்குமேல் போகக் கூடாது. அவள் எவ்வளவில் போனாள் என்று அவளுக்கே தெரியாது. ஸ்டியரிங்கில் இருந்த கையையே பார்த்துப் பார்த்து ஓட்டினாள். டேப் காய்ந்து ஓரம் தூக்கிக்கொண்டே வந்தது. நெடுஞ்சாலை ஏறிவிட்டால் பிடிக்க முடியாது. ஏறியிருப்பான். இந்நேரம் நிச்சயம் ஏறியிருப்பான்.

தானியக் கிடங்கைத் தாண்டியதும் சிவப்பு விளக்குகள் மாறி மாறி எரிவது தெரிந்தது. கேட் இறங்கியிருந்தது. சரக்கு ரயில், தலையும் தெரியவில்லை வாலும் தெரியவில்லை. கேட்டுக்கு முன்னால் முதல் வண்டியாக டாரலின் கார் நின்றது. அதற்குப் பின்னால் ஒரு பிக்கப் லாரி.

மார்சி காரை ஓரமாக விட்டுவிட்டு ஓடினாள். அவன் பேப்பரைப் பிரித்து, தட்டை ஸ்டியரிங்கின்மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கண்ணாடியைத் தட்டியதும் திடுக்கிட்டு இறக்கினான்.

"என்ன ஆச்சு?"

ரயில் சத்தத்தில் பேசினாலும் கேட்டிருக்காது. இடது கையை ஜன்னலுக்குள் நீட்டினாள்.

அவன் புறங்கையைப் பார்த்தான். அவள் விரல்களைப் பிடித்துக் கிட்டே இழுத்து இன்னொரு தரம் பார்த்தான். அவன் முகம் கோணியது.

"இது எங்க இருந்துச்சு?" என்று கத்திக் கேட்டான்.

"டெலோரஸ் பாத்திரத்துல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. நான் குடுத்தது..."

"தெரியும்."

"எந்தத் தட்டுலேருந்து வந்துச்சுன்னு தெரியல டாரல். எதுவா இருந்தாலும் நீ எடுத்துக்கோ. எட்டையும் வேணா எடுத்துக்கோ."

"இதுவே போதும்."

அவன் தட்டின் பின்னால் இருந்த புது டேப்பை நகத்தால் கிளப்பி உரித்தான். அதைக் கசக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அவள் கையிலிருந்து பழையதை எடுத்து அந்த இடத்தில் வைத்தான். அது ஒட்டவில்லை. பசை போய்விட்டிருந்தது. மறுபடி வைத்து, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

ரயிலின் கடைசிப் பெட்டி போனது. கேட் மேலே எழுந்தது. அவன் விரலை எடுக்கவில்லை. பின்னால் நின்ற லாரிக்காரர், எங்கள் ஊர்க்காரர்தான், ஹாரன் அடிக்கவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்.