தொங்குகிறவனைத் திருப்பி வைத்தது

1

இப்போதெல்லாம் மழை பெய்கிறதா என்று பார்க்க ஜன்னலுக்கு வெளியே எவனும் கை நீட்டுவதில்லை. போனைப் பார்க்கிறான். மழை இல்லை என்கிறது போன். நனைந்துகொண்டே நம்புகிறான். தன் வயிறு பசிக்கிறதா என்பதைக்கூட இன்னொருத்தரைக் கேட்கிற காலம். அந்த எரிச்சலில் பிறந்த கதை இது.

நான் எழுத்தாளன் இல்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவிவிட்டது. நாற்பது வருஷம் உயரக் கட்டடங்களின் வெளிச்சுவருக்குக் கயிற்றில் தொங்கிப் பெயின்ட் அடித்தவன். கிழவன் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருக்கட்டும் என்று மருமகள் வாங்கித் தந்த நோட்டு இது.

2

"அன்று வானம் கறுத்து, காற்று ஏதோ ஒரு சேதியைச் சுமந்து

வானத்தை நான் பார்க்கவே இல்லை. அந்த வரியை அடித்துவிட்டேன்.

வேறு ஆரம்பம்: என் வீட்டுக்காரிக்கு வலது கண்ணில் புரை. இது உண்மை, இருக்கட்டும். இடது கண் எப்போதோ போய்விட்டது. மிச்சம் இந்த ஒன்றுதான். பயத்தில் இரண்டு தடவை ஆபரேஷன் தேதியைத் தள்ளிப்போட்டாள். இனியும் விட்டால் புரை இறுகிவிடும், எடுப்பது கஷ்டம் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். மூன்றாவது தேதி, இன்று காலை ஒன்பதரை.

நேற்று மத்தியானம் ஆரம்பித்தாள்.

"மேல்மாடி அம்மா டாரோட் சீட்டு எடுத்துப் பலன் சொல்வாங்களாம். ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாங்க."

"கண்ணுல கத்தி வைக்கப்போறது டாக்டரா, மேல்மாடியா?"

"உங்களைக் கேட்டா பதிலா வருது? சண்டைதான வருது."

3

சீட்டுக்காரியை மோசக்காரியாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கறுப்புத் துணி, மெழுகுவத்தி, மடியில் பூனை எல்லாம் வைத்தேன். [பூனையை எடுத்துவிட்டேன். அந்த வீட்டில் பூனை கிடையாது.] அவள் தையல்கடையில் பட்டன் வைக்கிறவள். நாற்காலியில் கிடந்த காய்ந்த துணியை அள்ளிக் கட்டிலில் போட்டுவிட்டு எங்களை உட்காரவைத்தாள். எதிரே அமர்ந்து, கலைத்து, ஒரு சீட்டை எடுத்துப் போட்டாள். அதில் ஒற்றைக் காலில் கயிறு கட்டி ஒருவன் தலைகீழாகத் தொங்கினான்.*

"தொங்கும் மனிதன்," என்றாள். "பொறுத்திருங்கன்னு சொல்ற சீட்டும்மா இது. அவசரப்படக் கூடாது."

என் வீட்டுக்காரிக்கு முகமெல்லாம் பல். "பாத்தீங்களா? பொறுக்கணுமாம்!"

"ஏம்மா, இதுவே தலைமாறி விழுந்தா?"

"காத்திருந்தது போதும், செய்யவேண்டியதைச் செய்யுன்னு அர்த்தம் ஐயா. ஆனா இது நேரா விழுந்திருக்கு."

"தலைகீழாத் தொங்குறவன் உங்களுக்கு நேரா? எங்க பக்கத்துலேர்ந்து பாத்தா அவன் நிக்கிறான்."

"சீட்டுப் பாக்கறவங்க பக்கம்தான் சேத்தி."

"கண்ணு யாரோடது?"

அதற்குள் உள்ளறையில் சீட்டுக்காரியின் போன் அடித்தது. எழுந்து போனாள்.

* தொழில் தெரிந்தவன் சொல்கிறேன், படத்தில் காலில் போட்ட அந்த முடிச்சு நிற்காது. கணுக்காலில் அப்படிச் சுற்றினால் பத்து எண்ணுவதற்குள் மண்டை தரையில். முகம் வேறு சாந்தமாக இருக்கிறது, தலையைச் சுற்றி ஒளிவட்டம் வேறு. ஏழாவது மாடியில் ஒருமுறை நான் அப்படித் தொங்கியிருக்கிறேன். வட்டமெல்லாம் வரவில்லை. மூக்கில் ரத்தம் வந்தது.

4

இந்த இடத்தில் பேனா ரொம்ப நேரம் நின்றது. "காற்றில் சீட்டு தானாகத் திரும்பியது" என்று எழுதிப் பார்த்தேன். ஜன்னல் சாத்தியிருந்தது.

சரி, சொல்லிவிடுகிறேன். நான்தான் சீட்டைத் தலைமாற்றித் திருப்பினேன். ஒற்றை விரலால்.

சீட்டுக்காரி வந்தாள். சீட்டைப் பார்த்தாள். என் விரலைப் பார்த்தாள்.

"அட, நான்தான் சரியாப் பாக்கல," என்றாள். "மாறி விழுந்திருக்கு. காத்திருந்தது போதும்மா. தைரியமாப் போயிட்டு வாங்க."

மோசக்காரி என்றால் முதலில் சொன்னதையே சாதித்திருப்பாள். யோக்கியமானவள் என்றால் என்னைக் காட்டிக்கொடுத்திருப்பாள். இரண்டும் செய்யாதவளைக் கதையில் எங்கே உட்காரவைப்பது? என் பாடு அதைவிடக் கேவலம். அது வெறும் அட்டை என்றால், நான் எதற்குத் திருப்பினேன்?

5

என் வீட்டுக்காரி என் தோளைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள். பாதிப் படியில் நின்றாள்.

"திருப்பினீங்கதான?"

"எதை?"

"கண்ணுதாங்க மங்கல். காது நல்லாத்தான் இருக்கு. மேசையில சர்ருனு கேட்டுச்சு."

"அது வெறும் அட்டைடி."

"வெறும் அட்டையைத் தொடவா கை அப்படி நடுங்கிச்சு? மேசையே ஆடுச்சு."

நான் அடுத்த படியில் இறங்கினேன். தோளை விடாமல் அவளே சொன்னாள்.

"எனக்கு யாரோ ஒத்தைக் கால்ல ஆடற மாதிரிதான் தெரிஞ்சுது. அவங்க தொங்கறான்னாங்க. நானும் சரின்னுட்டேன். உங்களுக்கு இவ்வளவு பயம்னு தெரிஞ்சிருந்தா நான்

முடிக்கவில்லை. முடிக்காததை நானாக முடித்து எழுத மாட்டேன்.

6

முடிவு ஒன்று: கட்டுப் பிரிக்கிறார்கள். என்னைப் பார்த்து, "இவ்வளவு கிழவனாயிட்டீங்களா?" என்கிறாள்.

முடிவு இரண்டு: நான்காவது தேதி. புரை இறுகி

கை போக மாட்டேன் என்கிறது.

மணி எட்டே முக்கால். இரண்டு ஜோடிச் செருப்பையும் வாசலில் வைத்துவிட்டேன். வலப்பக்கம் தெரு, ஆஸ்பத்திரி. இடப்பக்கம் மேல்மாடிப் படி, இன்னொரு சீட்டு. உள்ளேயிருந்து, "நீங்க முன்னாடி நடங்க, வரேன்," என்கிறாள். எங்கே என்று சொல்லவில்லை. பின்னால் செருப்புச் சத்தம் வருகிறதா என்று கேட்டுச் சொல்ல என் காது அவள் காது இல்லை.

மேசையின் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறீர்களோ, அங்கிருந்து பார்த்து நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். நோட்டை இங்கேயே வைத்துவிட்டு வலப்பக்கம் நடக்கிறேன்.

ஆனால் சீட்டில் போட்ட அந்த முடிச்சு நிற்காது. அதை மட்டும் எவர் சொன்னாலும் நம்ப மாட்டேன்.