மூன்றாம் நாள் கதவு

செத்தவன் எழுந்து வர எவ்வளவு நேரம் எடுக்கலாம் என்பதற்கு அந்தப் புத்தகத்தில் ஒரு முழு அத்தியாயமே இருந்தது. வீடியோ கேம் செய்யச் சொல்லித் தரும் தடித்த ஆங்கிலப் புத்தகம் அது. பதுளை பஜாரில் பழைய புத்தகக் குவியலுக்குள்ளிருந்து இந்திரஜித் தோண்டி எடுத்தது. ஆட்டத்தில் செத்த ஆளை உடனே எழுப்பிவிட வேண்டும், காக்க வைத்தால் ஆடுகிறவன் போனை வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவான் என்று அதில் போட்டிருந்தது. அந்த வரிக்குப் பக்கத்தில் இந்திரஜித் பென்சிலால் எழுதியிருந்தான்: "எங்க காமனுக்கு மூணு நாள் வேணும். இஷ்டம் இருந்தா இரு."

இந்திரஜித் செத்து ஒரு வருடம் ஆகிறது. புத்தகம் இப்போது நிமலனின் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. நிமலன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் பெனர் வடிவமைக்கிறவன். கல்யாணம், கோயில் திருவிழா, கண்ணீர் அஞ்சலி, எது வந்தாலும் அதே கம்ப்யூட்டர், அதே ரோஜாப்பூக்கள். நண்பனின் கண்ணீர் அஞ்சலியையும் அவன்தான் செய்தான். முகத்தைச் சுற்றி வெட்டும்போது காதோரம் கொஞ்சம் போய்விட்டது. திருத்த மனம் வராமல் அப்படியே அச்சுக்கு அனுப்பினான். அன்றிலிருந்து யாருடைய காதையும் அவன் நேராகப் பார்ப்பதில்லை.

இரண்டு பேரும் மடுல்சீமைப் பக்கத்தில் ஒரே தேயிலைத் தோட்டம், வரிசையாக ஒட்டிய தொழிலாளர் வீடுகளில் ஒரே லயம். மாசி மாதக் காமன் கூத்தில் இந்திரஜித் காமன், நிமலன் ரதி. ஆம்பிளைதான் அங்கே ரதி. அதற்காக மீசையை எடுத்துவிட்டுக் கடைக்கு வந்தால் பஸ் நிலையம் முழுக்க ஒரு மாதத்துக்கு அவனை வைத்துச் சிரிக்கும். அந்தக் கூத்தையே கேமாக்கலாம் என்றவன் இந்திரஜித். போன் திருத்தும் கடையில் வேலை, ராத்திரியில் புத்தகம், லீவு நாளில் லேப்டாப் என்று கிடந்தான். நிமலன் படம் வரைந்தான். லயத்து வாசலில் இந்திரஜித்தை நடக்க விட்டு, போனில் பிடித்து, ஒவ்வொரு அடியாக வரைந்தான். இடது தோள் கொஞ்சம் இறங்கிய நடை. அதை வரைந்து வரைந்து மனப்பாடம் ஆனதால் இன்றைக்கும் பஸ் நிலையக் கூட்டத்தில் எவனாவது தோளை இறக்கி நடந்தால் நிமலன் எழுந்து வாசலுக்குப் போய்விடுவான். ஒவ்வொரு தடவையும் வேறு யாரோவாக இருக்கும்.

எல்லாத் தோட்டத்திலும் இப்படி இல்லை, ஆனால் அவர்கள் தோட்டத்தில் ஒரு கட்டு உண்டு. சிவன் நெருப்பில் எரிந்த காமன் மூன்றாம் நாள் எழுப்பும் வரைக்கும் வெளியே தலைகாட்டக் கூடாது. அவன் செத்தவன். காம்பரா என்கிற அறைக்குள் வைத்து வெளியே பூட்டி, வீட்டுப் பெண்ணிடம் சாவியைக் கொடுத்துவிடுவார்கள். பிறகு ரதி வாசலில் நின்று அழைத்தால்தான் கதவு திறக்கும்.

போன வருடம் இரண்டாம் நாள் காலையில், கடை வேலைக்கு வந்திருந்த நிமலன் பதுளையிலிருந்து இந்திரஜித்துக்குப் போன் எடுத்தான். கொழும்பில் நடக்கும் ஒரு போட்டிக்குக் கேமை அனுப்ப அன்றைக்குத்தான் கடைசி நாள். லேப்டாப் பூட்டிய காம்பராவுக்குள் இருந்தது. லயத்தில் சிக்னல் குறைவு. பேசினால் கேட்கும், ஆனால் பெரிய பைல் போகாது. அதற்கு ஏழாம் நம்பர் மலையின் உச்சிப் பாறைக்குத்தான் ஏற வேண்டும்.

"நான் எரிஞ்சவன்டா. வெளிய வரப்படாது" என்றான் இந்திரஜித்.

"புஸ்தகத்துல என்னா போட்டிருக்கு? செத்தவன ஒடனே எழுப்பணும். எந்திரிச்சுப் போடா."

இந்திரஜித் சிரித்தான். அதுதான் நிமலன் கேட்ட கடைசிச் சிரிப்பு. பாறைக்குப் போகும் வழியில், தேயிலைக்குள் கூடு கட்டியிருந்த குளவிகள் கலைந்து அவனைக் கொட்டின. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. எழவு விழுந்ததால் கூத்து அப்படியே நின்றது. காமனை யாரும் எழுப்பவில்லை. ரதிக்காக நிமலன் மணிக்கட்டில் கட்டிய மஞ்சள் கயிற்றுக் காப்பை யார் அவிழ்ப்பதென்று யாருக்கும் தெரியவில்லை. அதை மறைக்க நிமலன் அன்றிலிருந்து முழுக்கைச் சட்டை போடுகிறான். அந்தக் காம்பராப் பக்கம் பொழுது சாய்ந்தால் யாரோ தோளைச் சுவரில் உரசி நடக்கிற சத்தம் கேட்பதாக லயத்தில் பேச்சு. இந்த வருடம் கூத்தே வேண்டாம் என்று தோட்டம் முடிவெடுத்துவிட்டது.

அப்படியிருக்க, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் இந்திரஜித்தின் அம்மா பூவம்மா கடைக்குள் வந்து நின்றாள். கையில் மகனின் போன்.

"இதுக்குள்ள அவன் இருக்கானாம். தயானி சொன்னா" என்றாள். தயானி அவளுடைய மகள். "தோட்டம் எழுப்பாட்டிப் போவுது. நீ எழுப்பிக் குடு தம்பி."

கேமில் காமன் எழும்பும் படத்தை நிமலன் வரையவே இல்லை. போட்டிக்கு அனுப்பிவிட்டு வரையலாம் என்று தள்ளி வைத்திருந்தான், அதற்குள்தான் எல்லாம் முடிந்துவிட்டதே. அதைச் சொல்லாமல் கேமைத் திறந்து கொடுத்தான். பூவம்மா ஒற்றை விரலால் கரும்பு வில்லைத் தொட்டாள். பூ அம்பு போனது, சிவன் கண் திறந்தார், இடது தோள் இறங்கிய அந்தச் சின்ன உருவம் எரிந்து சாம்பலானது. அதன் மேல் எழுத்து வந்தது: மூன்றாம் நாள் வா.

மூன்று நாளை மூன்று நொடியாக்கச் சொல்லி நிமலன் சண்டை பிடித்திருந்தான். சரி என்று தலையாட்டிய பயல் மாற்றவே இல்லை.

"அப்ப ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வா. ரதி இல்லாம எப்புடி எழுப்புறது?" என்று போனை முந்தானையில் முடிந்துகொண்டு அவள் போய்விட்டாள்.

அன்றைக்குத்தான் நிமலன் இழுப்பறையைத் திறந்து புத்தகத்தை எடுத்தான். ஆட்டம் எப்போதும் ஆடுகிறவன் கைக்குள் இருக்க வேண்டும் என்று ஒரு பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது. அதன் கீழே பென்சிலில், "எழும்பினதுக்கு அப்புறம் இல்ல." அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒன்றுமே வராமல் போன் கறுத்துக் கிடந்தால் அந்தத் தாயின் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயத்தில் இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனான். ஒரு வருடமாகப் பூட்டிக் கிடந்த காம்பரா திறந்திருந்தது. தரையில் போன், பக்கத்தில் சூடம். அவன் உள்ளே நுழைந்ததும் பூவம்மா கதவைச் சாத்தினாள். "கூப்புடு" என்றாள்.

கூத்தில் நூறு பேர் முன்னால் கூச்சப்படாதவன் அன்று அவள் முகத்தைப் பார்க்காமல் போனை நோக்கிக் குனிந்தான். "எந்திரிச்சு வாங்க மன்மதா" என்று மெல்லச் சொன்னான்.

சற்று நேரத்தில் சாம்பல் அசைந்தது. பார்த்ததுமே நிமலனுக்குத் தெரிந்துவிட்டது. அவன் வரைந்த எரியும் படங்களையே இந்திரஜித் கடைசியிலிருந்து முதலுக்கு ஓட விட்டிருந்தான். நெருப்பு சுருங்கியது, சாம்பல் ஆளானது. ஆள் நடந்தது. பழக்கத்தில் நிமலன் திரையைத் தொட்டான். அது நிற்கவில்லை, திரும்பவில்லை. யார் கைக்கும் அகப்படாமல் இடது தோளை இறக்கி லயத்தின் ஓரமாக நடந்து போய்க்கொண்டே இருந்தது. ஒரு கதவுக்குள் புகுந்து மறைந்தது.

நிமலன் கேமில் அந்த லயத்துக்குப் பன்னிரண்டு கதவு வரைந்திருந்தான். பன்னிரண்டும் மூடிய கதவு. இப்போது ஒன்று திறந்திருந்தது. இந்திரஜித்தே வரைந்து சேர்த்திருப்பான், அப்படித்தான் இருக்கும் என்று நிமலன் இன்றைக்கும் சொல்கிறான்.

அதற்கு மேல் அவனால் அடக்க முடியவில்லை. "பெரியம்மா, நாந்தான் அவனப் போகச் சொன்னேன். அன்னிக்கு நாந்தான் போன் பண்ணினேன்" என்று சொல்லிவிட்டு அழுதான்.

"தெரியும்" என்றாள் பூவம்மா. அவள் கண் திரையிலிருந்த கதவை விட்டு நகரவில்லை. "ஒஞ்சத்தம் போனுலருந்து கதவுக்கு வெளிய வரைக்கும் கேட்டுச்சு. நீ கூப்புட்டா மட்டும் அவன் எப்புடிப் போவான்? வெளிய பூட்டுல்ல தொங்குச்சு. சாவி எம்முந்தானையில. அஞ்சு நிமிசம்மா, ஓடிட்டு ஓடி வந்துர்றேன்னு கெஞ்சினான். நாந்தான் தொறந்து விட்டேன்."

ஒரு வருடமாக அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. புருஷனிடமும் இல்லை.

பிறகு அவன் சட்டைக் கையை மேலே தள்ளி, மணிக்கட்டைப் பிடித்து, கறுத்துப் போயிருந்த காப்பு முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். இறுகிப் போயிருந்தது, நகம் ஏறவில்லை. குனிந்து பல்லால் கடித்து அறுத்தாள்.

எழுந்து போய்க் காம்பராக் கதவை அகலத் திறந்துவிட்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். மத்தியானம் வரைக்கும் இரண்டு பேரும் அங்கேயே இருந்தார்கள். அந்தக் கதவைச் சாத்த இருவரில் யாரும் எழவில்லை.