நேர்ச்சை ஓட்டம்

வியாகுலமேரி முதல் நாள் ஓடியது மொத்தம் நான்கு மின்கம்பம். ஐந்தாவது கம்பத்துக்குப் போவதற்குள் தெருவே எழுந்துவிட்டது.

தேனியில் பார்த்த டாக்டரம்மா முதலில் தினம் ஒரு மணி நேரம் நடக்கத்தான் சொன்னார். ஆறு மணிக்கு அடுப்பைப் பற்றவைக்க வேண்டும், எட்டரைக்குப் பால்வாடியைத் திறக்க வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு எங்கே போவது என்று கேட்டாள் வியாகுலம். அப்படியானால் அரை மணி போதும், இரண்டு கம்பம் ஓடுங்கள், இரண்டு கம்பம் நடங்கள், நாற்பத்து நாலு வயதெல்லாம் ஒரு வயதா என்றார் டாக்டர். சர்க்கரை இருநூற்று அறுபதில் நின்றது. மூன்று மாதத்தில் இறங்காவிட்டால் ஊசிதான் என்றும் சொன்னார். வியாகுலத்தின் அம்மாவுக்கு ஊசியில் ஆரம்பித்து, மதுரை ஆஸ்பத்திரியில் வலது காலை எடுத்ததில் முடிந்தது. அதனால் அவள் மறுபேச்சுப் பேசவில்லை.

அது இரண்டாயிரத்து நாலாம் வருடம், ஜூன் மாதம், ஒரு திங்கட்கிழமை. மகள் மெர்லின் பள்ளிக்கூடத்தில் போட்டிருந்த வெள்ளைக் கேன்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகி, ஐந்து மணிக்குக் கதவைச் சாத்திவிட்டு இறங்கினாள். காமயகவுண்டன்பட்டிக்குப் போகும் ரோட்டில் இருக்கிறது அவர்கள் ஊர். இரண்டு பக்கமும் திராட்சைப் பந்தல். மலையிலிருந்து சாரல் இறங்கிக்கொண்டிருந்தது. ரோட்டில் ஆள் இல்லை என்று நினைத்தாள். எதிர்வீட்டு ஜக்கம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை.

அந்த ஊரில் ஒரு பொம்பளை ஓடினால் ஒன்று சாவு, இல்லையென்றால் தீ, இரண்டும் இல்லையென்றால் வாய்க்கால். ஜக்கம்மா வாளியைப் போட்டுவிட்டு ஆண்டனி ராஜின் கதவைத் தட்டினாள். ஏலே, உன் பொண்டாட்டி வாய்க்காப் பக்கம் போறாடா என்று அவள் போட்ட சத்தத்தில், இரண்டு சைக்கிளும் ஒரு டி.வி.எஸ். 50-யும் ஆறேழு ஆண்களும் கிளம்பிவிட்டார்கள். வியாகுலம் பாலத்துச் சுவரில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். கேட்டதற்குப் பதில் சொல்ல மூச்சு வரவில்லை. வாயைத் திறக்காததால் அவர்கள் சந்தேகம் உறுதியாயிற்று. கோயில் உபதேசியார் ஏசுதாசன்கூட ஜெபமாலையோடு வந்து நின்றார்.

மூச்சு திரும்பியதும் சுகர் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அதற்குள் கணவன் முந்திக்கொண்டான்.

"நேர்ச்சைங்க. மெர்லினுக்கு நல்ல இடம் அமையணும்னு மாதாவுக்கு நேந்திருக்கா. தினம் கெபி வரைக்கும் ஓடணும்."

கூட்டத்தின் முகம் மாறிவிட்டது. எத்தனை நாள் என்று உபதேசியார் கேட்டார். திருவிழா வரைக்கும் என்றான் ஆண்டனி ராஜ். ஏசுதாசன் விரல்விட்டு எண்ணினார். செப்டம்பர் எட்டோடு எண்பத்தேழு நாள். வீட்டிலிருந்து, மாதா சிலை வைத்திருக்கும் கல்குகையான கெபிக்கு முப்பத்தொரு கம்பம்.

அவன் ஏன் அப்படிச் சொன்னான் என்பது வியாகுலத்துக்குத் தெரியும். போன வருடம் உத்தமபாளையத்திலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போன ஒரு குடும்பம், பாட்டிக்குக் கால் எடுத்த கதையை யாரோ சொல்ல, பிறகு பேச்சையே நிறுத்திவிட்டது. அம்மா வழியில் சர்க்கரை இருந்தால் பெண்ணுக்கும் வரும் என்று சொல்லி அனுப்பினார்களாம். அன்றிலிருந்து அந்த வீட்டில் சுகர் என்ற வார்த்தையே கிடையாது. மாத்திரை பவுடர் டப்பாவில் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும், மாதா பேரில் பொய் சொல்லிவிட்டீர்களே என்று அழுதாள். ஆண்டனி ராஜ் மோசமானவன் இல்லை. தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போகிற அவசரத்திலும் உட்கார்ந்து சமாதானம் சொன்னான்.

"ஓடத்தான போற? ஓடறத மாதாவுக்குன்னு நெனச்சு ஓடு. இதுல பொய் எங்கன இருக்கு?"

நான்காம் நாளே நிறுத்திவிடலாம் போல இருந்தது. கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. மெர்லின் தைலம் தேய்த்தபடி, எனக்காக ஓட வேண்டாம்மா என்றாள். உனக்காகவா ஓடுகிறேன் என்று கேட்க நினைத்து, கேட்காமல் விட்டாள் வியாகுலம். யாருக்காக என்பது அவளுக்கே குழம்பிவிட்டது. ஆனால் நிறுத்த வழி இல்லை. ஐந்து மணிக்கு ஜக்கம்மா வாசலில் நின்றாள். பால் கறக்கப் போகிறவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். பங்குச் சாமியார் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் அவள் பெயரைச் சொன்னார். பால்வாடிப் பிள்ளைகள் சாப்பாட்டு மணி அடித்ததும், நேர்ச்சை, நேர்ச்சை என்று கத்திக்கொண்டு தட்டோடு ஓடின.

பிறகு சுமை சேர ஆரம்பித்தது. போகிற வழிதானே என்று ஜக்கம்மா மெழுகுதிரி கொடுத்தாள். அவள் மாதா கோயிலுக்கு வருகிறவள் இல்லை. ஆனால் கேரளாவில் எஸ்டேட் வேலைக்குப் போன மகன் சீக்கிரம் திரும்ப வேண்டும் என்பதற்கு எந்தச் சாமியானாலும் பரவாயில்லை. அவளைப் பார்த்து மற்றவர்களும் கொடுத்தார்கள். மெழுகுதிரி, எண்ணெய் பாட்டில், மல்லிகைச் சரம், பரீட்சைக்குப் போகிற பிள்ளையின் பேனா. ஒருநாள் தோட்டக் காவலுக்குப் படுத்திருந்தவருக்குத் தூக்குவாளியில் காப்பிகூடப் போயிற்று. மஞ்சப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, எண்ணெய் சிந்தாமல் ஓடக் கற்றுக்கொண்டாள்.

ஆடியில் காற்று பிடித்தது. எதிர்க்காற்றில் சேலை காலைக் கட்டியது. ஒருநாள் நல்ல காய்ச்சல். படுக்கிறேன் என்றதற்கு ஆண்டனி ராஜ் கும்பிடாத குறையாகக் கெஞ்சினான். ஒரு நாள் விட்டால் அவ்வளவுதான், மெர்லினுக்கு அமைவது தட்டினால் நீ விட்ட நாளைத்தான் சொல்வாக என்றான். அன்று முப்பத்தொரு கம்பமும் நடந்தே போனாள். எதிரில் வந்தவர்கள் ஏன் ஓடவில்லை என்று கேட்டார்கள்.

எப்போது மாறியது என்று அவளால் சொல்ல முடியாது. ஐம்பதாவது நாள் வாக்கில், இரண்டு கம்பம் ஓடி நடக்க வேண்டிய இடத்தில் கால் நிற்கவில்லை. மூன்று, ஐந்து, ஒன்பது என்று கம்பங்கள் தாமாகப் பின்னால் போயின. கெபிக்கு வந்துதான் நின்றாள். மூச்சு வாங்கியது, ஆனால் அது அவளுடைய மூச்சாக இருந்தது. காலையிலிருந்து ராத்திரி வரை யாராவது எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கும் வாழ்க்கையில், அந்தப் பதினைந்து நிமிடம் யாரும் பின்னால் ஓடிவந்து ஒன்றும் கேட்கவில்லை. அந்த வாரம் பரிசோதித்ததில் சர்க்கரை நூற்று முப்பத்தெட்டு. டாக்டரம்மா கைகொடுத்தார். அந்தச் சந்தோஷத்தை வீட்டுக்கு வெளியே ஒருவரிடமும் சொல்ல முடியவில்லை.

ஆகஸ்டில் பழனிசெட்டிபட்டியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பையன் அமலதாஸ், பைக் கம்பெனியில் வேலை. அவனும் மெர்லினும் பேசிச் சிரித்ததைப் பார்த்தபோதே வியாகுலத்துக்கு வயிறு நிறைந்தது. அவன் அம்மா செசிலி வாய் ஓயாத பெண். உங்க நேர்ச்சையப் பத்தி எங்க ஊர் வரைக்கும் சொன்னாக மதினி, இப்படி ஒரு தாய் வளத்த பொண்ணு எங்களுக்குக் கெடைக்கணுமே என்று கையைப் பிடித்துக்கொண்டாள். நிச்சயம் பேசி முடித்ததும் ஒரு லட்டை எடுத்து வியாகுலத்தின் வாயில் ஊட்டினாள். பிறகு இன்னொன்று. ஆண்டனி ராஜ் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். வியாகுலம் சிரித்தபடி இரண்டையும் விழுங்கினாள்.

செப்டம்பர் எட்டாம் தேதி ஊரே அவள் பின்னால் வந்தது. மேளம் வைத்திருந்தார்கள். மேளத்துக்கு ஏற்றாற்போல் மெதுவாக ஓட வேண்டியிருந்தது. கெபியில் சாமியார் மந்திரித்தார், மாலை போட்டார்கள். நேர்ச்சை நிறைவேறினால் அதற்கு உதவிய பொருளைக் காணிக்கையாக வைப்பது வழக்கம் என்று உபதேசியார் எடுத்துக்கொடுத்தார். ஆண்டனி ராஜ் குனிந்து, அவள் காலிலிருந்த ஷூவைத் தானே கழற்றி, கயிறு இரண்டையும் முடிச்சுப் போட்டு, கெபிக் கம்பியில் தொங்கவிட்டான். எல்லோரும் கைதட்டினார்கள். வியாகுலம் வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் நாலே முக்காலுக்கு விழிப்பு வந்தது. எழுந்து உட்கார்ந்தாள்.

"எங்க?" என்றான் ஆண்டனி ராஜ், கண்ணைத் திறக்காமல். "அதான் முடிஞ்சிருச்சுல. இப்ப ஓடுனா எதுக்குன்னு கேப்பாக."

திரும்பப் படுத்தாள். மேலே ஓட்டுச் சட்டங்களை எண்ணினாள். பதினொன்று. மறுநாளும் பதினொன்றுதான். கொல்லையில் கிணற்றைச் சுற்றி நடந்து பார்த்தாள். பதினாறு எட்டில் ஒரு சுற்று முடிந்து, தலைசுற்றல் வந்ததுதான் மிச்சம். அக்டோபர் முதல் வாரம் சர்க்கரை இருநூற்றுப் பதினாலு. நன்றாகத்தானே போய்க்கொண்டிருந்தது, ஏன் நிறுத்தினீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார்.

அதற்குள் கோயிலில் ஓலை வாசிக்க ஆரம்பித்திருந்தார்கள். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் இரண்டு பேர் பெயரையும் படித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் கேட்பார். முதல் ஓலை முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் வியாகுலம் தன் பாதத்தைப் பார்த்துக்கொண்டாள்.

இரண்டாம் ஓலை அன்று மத்தியானம் ஆண்டனி ராஜ் ஒரு வழி கண்டுபிடித்தான். கல்யாணம் முடியட்டும், பேரப்பிள்ளைக்கு என்று இன்னொரு நேர்ச்சை சொல்லிக்கொள்ளலாம், அப்புறம் நீ பாட்டுக்கு ஓடு என்றான். அவன் உண்மையான அக்கறையோடுதான் சொன்னான். மெர்லின் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

"நாளைக்கு எனக்கும் சுகர் வந்தா, நானும் பவுடர் டப்பாவுலதான் மாத்திரய வைக்கணுமாம்மா?"

கேலியாகக் கேட்கவில்லை. போகப்போகிற வீட்டில் வைக்க இடம் இருக்குமா என்று விசாரிப்பது போலக் கேட்டாள்.

மறுநாள் திங்கட்கிழமை ஐந்து மணிக்கு வியாகுலம் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். செருப்பு அடித்த சத்தத்தில் ஜக்கம்மா நிமிர்ந்தாள்.

"ஆத்தா வியாகுலம், அதான் நேர்ச்சை முடிஞ்சிருச்சே. இப்ப எதுக்கு?"

"சுகருக்கு," என்றாள் வியாகுலம். "நாலு வருசமா இருக்கு. அப்ப ஓடுனதும் அதுக்குத்தான்."

ஜக்கம்மா கோலப்பொடிக் கிண்ணத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"அப்ப எம்மகனுக்குக் குடுத்த மெழுகுதிரி?"

"அத ஏத்துனேன். ஒரு நாள் விடல."

"ஏத்துன மெழுகுதிரியத் திருப்பியா கேக்க முடியும்," என்று ஜக்கம்மா கோலத்துக்குக் குனிந்துகொண்டாள். அதுதான் வியாகுலத்துக்கு உறுத்தியது.

ஜக்கம்மா வாயிலிருந்து கிளம்பும் செய்தி டவுன் பஸ் ஏறிப் பழனிசெட்டிபட்டி போய்ச் சேர மத்தியானம் ஆகும். அதற்கு முன் தானே சொல்லிவிட வேண்டும் என்று ஓடி முடித்த வேர்வையோடு போனை எடுத்தாள். ஆண்டனி ராஜ் பிடுங்க வந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

செசிலியிடம் அவள் சொல்லி முடித்தபோது அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது.

"அன்னைக்கு நான் ஊட்டுன லட்டு?" என்றாள் செசிலி.

"தின்னேன்."

"ரெண்டு ஊட்டுனேன்."

"ரெண்டையும் தின்னேன் மதினி."

"ஏதாவது ஒண்ணு ஆயிருந்தா? எங்கையால ஊட்டுனது. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல." வீட்டில் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. செவ்வாய், புதன், வியாழன். ஆண்டனி ராஜ் தோட்டத்திலேயே கிடந்தான். சாப்பிட வந்தால் தட்டைப் பார்த்தே பேசினான். மெர்லின் போன் பக்கத்திலேயே உட்கார்ந்து, அது அடித்தால் எடுக்கப் பயந்தாள். வழியில் யாரும் மெழுகுதிரி கொடுக்கவில்லை. ஒருவர், மாதாவையே ஏமாத்துன ஆளு என்று காதில் விழும்படி சொன்னார். வியாகுலம் தினமும் ஓடினாள். செருப்பு வார் அறுந்த அன்று வெறுங்காலில் ஓடினாள். ஓடும்போது, மகள் கல்யாணத்தைக் காலால் மிதித்துக்கொண்டு போவது போலவே இருந்தது. நின்றால் மட்டும் அது எழுந்து வந்துவிடுமா என்றும் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் மூவரும் ஒரே வரிசையில் உட்காராமல் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள். சாமியார் அறிவிப்புத் தாளைப் பிரித்தார். முதலில் சுனைப் பக்கத்து ஜெபக் கூட்டம், பிறகு மறைக்கல்விப் பரீட்சை, பிறகு ஓலை. காமயகவுண்டன்பட்டிப் பையன் ஒருவன் பெயர் வந்தது. சாமியார் தாளைத் திருப்பினார். வியாகுலம் பெஞ்சுக் கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஆண்டனி ராஜ், வியாகுலமேரி தம்பதியின் மகள் மெர்லினுக்கும், பழனிசெட்டிபட்டி அமலதாசுக்கும், மூன்றாம் ஓலை."

தடை ஏதும் உண்டா என்ற கேள்வியும் வந்தது. இரண்டு மூன்று தலைகள் அவள் பக்கம் திரும்பின. யாரும் எழுந்திருக்கவில்லை. பெண்கள் பக்கத்தின் மறுகோடியில் மெர்லின் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் செசிலி கூப்பிட்டாள். அமலதாஸ் ஒரே பிடியாக நின்றுவிட்டான், எங்களுக்கும் மெர்லினை விட மனசில்லை என்றாள். பிறகு, "ஆனா மறைச்சது மறைச்சதுதான் மதினி. அது என் மனச விட்டுப் போக நாளாகும்," என்றாள். போகட்டும், எத்தனை நாளானாலும் நான் காத்திருக்கிறேன் என்றாள் வியாகுலம். இந்த முறை மதினி என்று கூப்பிட்டதில் பழைய கொஞ்சல் இல்லை.

திங்கட்கிழமை கெபிக்கு வந்தபோது இருட்டு இன்னும் பிரியவில்லை. ஷூ கம்பியில் அப்படியே தொங்கியது. மெழுகுப் புகையில் வெள்ளை பழுப்பாகியிருந்தது. நேற்றைக்கு யாரோ அதன்மேல் புதிதாக ஒரு பூச்சரமும் சுற்றியிருந்தார்கள். வியாகுலம் சுற்றிப் பார்த்தாள். பிறகு சரத்தை எடுத்து மாதா காலடியில் வைத்துவிட்டு, முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள். ஆண்டனி ராஜ் இறுக்கிப் போட்ட முடிச்சு. நகம் வலித்தது.

"குடுத்ததத் திருப்பி எடுக்கக் கூடாதுதான்," என்றாள் மாதாவிடம். "நானா குடுக்கலையே தாயே."

படியில் உட்கார்ந்து மாட்டிக்கொண்டாள். துணி விறைத்துப்போய்க் குதிகாலை அழுத்தியது. கோயில் மணி ஐந்தரை அடித்தது. ஆறு மணிக்கு அடுப்பு. நேரே வீட்டுக்குத்தான் போயாக வேண்டும், வேறு ரோடு கிடையாது. முதல் கம்பம் வரை நடந்தாள். அங்கிருந்து ஓடினாள்.