செட்டிங் லீவர்

மாப்பிள்ளை குளிக்கப் போன நேரம் பார்த்து அவருடைய காரின் பானெட்டைத் திறந்தேன். திருடன் மாதிரித்தான். பட்டறை என்னுடையது, மேலே எரிகிற விளக்குக்குக் கரண்டு பில் கட்டுகிறவன் நான், என் பொண்ணு கல்யாணம் பண்ணிக்கொண்ட ஆள் அவர். ஆனாலும் உள்ளே குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தத்தில் ஒரு காதை வைத்துக்கொண்டுதான் எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த எஞ்சினை அவர் சேர்த்துக் கட்டிய இத்தனை நாளும் என்னை ஒரு நட்டைத் தொட விடவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்பேனா நான்?

எங்களுக்குள் நேரடிப் பேச்சு நின்று வருஷம் ஆகிவிட்டது. ஒரு வாடிக்கையாளர் முன்னால், "மாமாவுக்கு இந்த கம்ப்யூட்டர் வண்டியெல்லாம் புரியாதுங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சும்மா இருந்திருக்கலாம். "எனக்குப் புரிஞ்ச வேலையிலதான் உங்களுக்குச் சோறு வருது" என்று நானும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். வீட்டோடு இருக்கிற மாப்பிள்ளையிடம் சொல்லக்கூடாத வார்த்தை, தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அன்றிலிருந்து எல்லாம் என் மகள் வழியாகத்தான். இரண்டடி தள்ளி நின்றுகொண்டு, "பதினாலு நம்பர் ஸ்பானர் எங்கனு உங்கப்பாவைக் கேளு" என்பார் அவர். "கண்ணு முன்னாடி இருக்குன்னு உன் வீட்டுக்காரருக்குச் சொல்லு" என்பேன் நான். அவள் நடுவில் கியர்பாக்ஸுக்குள் கையை விட்டபடி, தலையைக்கூடத் தூக்காமல் இரண்டையும் அப்படியே திருப்பிச் சொல்வாள். ஊரில் எவனும் இப்படி ஒரு பட்டறை நடத்தியிருக்க மாட்டான்.

வண்டியில் இருப்பது ரோட்டரி எஞ்சின். பிஸ்டன் கிடையாது. முக்கோணமாக ஒரு இரும்புத் துண்டு உள்ளே சுழலும், அதன் மூன்று முனையிலும் மெல்லிய பட்டையாக சீல் இருக்கும். அந்த சீல் சுவரில் உரசிக்கொண்டே ஓடுவதால் அதற்குச் சொட்டுச் சொட்டாக எண்ணெய் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அதற்கென்று ஒரு குட்டிப் பம்ப் உண்டு. பழைய எஞ்சினில் அந்தப் பம்புக்கு ஒரு லீவர் இருக்கும், அதையும் ஆக்சிலேட்டரையும் ஒரு கம்பி இணைக்கும். மிதிக்க மிதிக்க எண்ணெய் கூடும். புது எஞ்சினில் அந்த வேலையைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. மாப்பிள்ளை வாங்கியது புது எஞ்சின், ஆனால் அதன் முன்பக்க மூடி விரிசல் விட்டிருந்தது. எங்கேயோ தேடி ஒரு பழைய எஞ்சினின் மூடியைக் கொண்டுவந்து போட்டார். பழைய மூடியில் புதுப் பம்ப் உட்காராது, பழைய பம்ப்தான் உட்காரும். அதையும் போட்டார். போல்ட் எல்லாம் அழகாகப் பொருந்தியிருந்தது. பொருந்தினால் போதுமா?

விளக்கைச் சாய்த்துப் பார்த்தேன். லீவரிலிருந்து எந்தக் கம்பியும் எங்கேயும் போகவில்லை. புது எஞ்சினில் ஆக்சிலேட்டர் பக்கம் அதை மாட்ட இடமே இல்லை. அந்த லீவரைக் கடைசி மட்டத்தில் இறக்கி, ஆடாமல் இருக்க மெல்லிய கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார் மனுஷன். பம்ப் காணோம் என்று கம்ப்யூட்டர் கத்தாமல் இருக்க ஏதோ வயரைச் செருகி அதையும் ஏமாற்றியிருந்தார். வயரிங்கிலேயே வளர்ந்தவர். லீவர் என்றால் ஒருமுறை கையால் வைத்துவிட்டு மறந்துவிடுகிற செட்டிங் என்று நினைத்துவிட்டார். சும்மா நின்று உறுமும்போது அந்த எண்ணெய் போதும். ரேஸ் மைதானத்தில் மிதித்து ஓட்டினால் சீல் காய்ந்து, நொறுங்கி, உள்சுவரைக் கீறிக்கொண்டு போய்விடும்.

எனக்கு வயிறு குளிர்ந்தது. மறைக்க என்ன இருக்கிறது? இன்றைக்கு ரேஸ் டீம்காரர் மைதானத்துக்கு வருகிறார், மகள் ஓட்ட இந்த எஞ்சினைப் பார்ப்பதற்கு. எஞ்சின் தாங்கினால் மாப்பிள்ளைக்கு வேறு ஊரில் அவரிடமே வேலை, வீடு. மகளும் போய்விடுவாள். உள் அறையில் பெட்டிகூடக் கட்டியாயிற்று. தாங்கவில்லை என்றால் ரெண்டு பேரும் இங்கேயே இருப்பார்கள், அவர் கொஞ்சம் தலை குனிந்து இருப்பார். நான் ஒன்றுமே செய்ய வேண்டாம், பானெட்டை மூடினால் போதும்.

மூடினேன். பிறகு சமையலறைக்குப் போனேன். மகள் நகக்கண்ணில் ஏறிய கிரீஸைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள். சின்னதாக ஏதோ முணுமுணுத்துப் பாடினாள். அவள் பாடிக் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"உன் வீட்டுக்காரர்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"போன வாரமே சொல்லிட்டேன்ல. இனிமே நான் தூது போறதா இல்ல. ரெண்டு பேருக்கும் வாய் இருக்கு."

"அவசரம்மா இது."

"அப்போ சீக்கிரமா போய் அவர்கிட்டயே சொல்லுங்க."

குளியலறைக் கதவு வரைக்கும் போனேன். உள்ளே தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது. அந்தச் செருமலே எனக்குப் பிடிக்காது. திரும்பிவிட்டேன். நேரே பட்டறைக்குப் போய், டூ ஸ்ட்ரோக் எண்ணெய் டப்பாவை எடுத்து, டேங்கில் இருந்த பெட்ரோலுக்குக் கணக்காக அளந்து ஊற்றினேன். பம்ப் தராத எண்ணெயைப் பெட்ரோலே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். இன்றைய ஓட்டத்துக்கு அது போதும். ஏன் ஊற்றினேன் என்று கேட்டால், அவள் பாடினாள், அவ்வளவுதான். அவருக்காக ஒரு சொட்டுகூட ஊற்றியிருக்க மாட்டேன்.

குளித்து முடித்து மகளோடு வந்து அவர் வண்டியை ஸ்டார்ட் செய்ததும் பின்னால் நீலமாகப் புகை வந்தது. மாப்பிள்ளை இறங்கி வந்து மோந்து பார்த்தார். டேங்க் மூடியைத் திறந்து மறுபடி மோந்தார். சுற்றும் முற்றும் பார்த்தவரின் கண் மேஜையில் நான் வைத்துவிட்டுப் போன காலி டப்பாவில் நின்றது.

"உங்கப்பாவைக் கேளு. என் டேங்க்ல எதுக்குக் கை வெச்சாருன்னு கேளு."

மகள் கேட்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"பம்ப் எண்ணெய் பத்தாது. அதான் ஊத்தினேன்" என்றேன் அவளிடம்.

மாப்பிள்ளை எஞ்சினை ஓட விட்டு, பம்பிலிருந்து வருகிற குழாயைக் கழற்றி அவள் முன்னால் பிடித்தார். ஒரு சொட்டு திரண்டு விழுந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

"வருதா இல்லையா? நீயே பாரு."

சும்மா நிற்கும்போது வரத்தான் செய்யும். அந்தக் கட்டுக்கம்பியை நறுக்கி, லீவரை விரலால் தூக்கிக் காட்டினால் போதும், குழாயில் கடகடவென்று வரும், குழந்தைக்கும் புரிந்துவிடும். கட்டிங் பிளேயர் என் பின் பாக்கெட்டில்தான் இருந்தது. எடுத்துக்கொண்டு குனிந்தேன். மாப்பிள்ளை என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"கை வைக்காதீங்க."

ஒரு வருஷத்துக்கு அப்புறம் என்னிடம் அவர் நேராகச் சொன்ன வார்த்தை அதுதான். பிடி இறுக்கமாக இருந்தது. எனக்கு உச்சி வரைக்கும் ஏறிவிட்டது.

"எண்ணெய்ப் பம்பையும் பல்பு மாதிரி மாட்டி வெச்சிருக்கிற ஆளுக்கு நான் என்னத்தைக் காட்டறது" என்றேன். சொல்ல வேண்டியது அதுவா? லீவரை ஆக்சிலேட்டரோடு சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். அது வாயில் வரவில்லை, இதுதான் வந்தது.

"விடுங்கப்பா" என்றாள் மகள். குரல் தணிந்திருந்தது. "நாங்க போறது உங்களுக்குப் பிடிக்கல. அதை நேரா சொல்லியிருக்கலாம்."

எண்ணெய் விஷயத்தில் நான் சொன்னது நிஜம், அவள் சொன்னதும் நிஜம். பிளேயரை மறுபடி பாக்கெட்டில் வைத்தேன்.

குழாயை மறுபடி மாட்டிவிட்டு, டேங்கைக் கவிழ்க்காத குறையாகக் காலி செய்தார்கள். நான் அளந்து ஊற்றியதெல்லாம் பிளாஸ்டிக் தொட்டியில் கிடந்தது. கேனிலிருந்து புதுப் பெட்ரோலை நிரப்பினார்கள். மகள் ஓட்டுகிற பக்கம் ஏறினாள். மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டு நேரே ரோட்டைப் பார்த்தார். அவள் கண்ணாடியை இறக்கினாள்.

"அப்பா, அவர் இதோ இருக்கார். சொல்றதுக்கு இன்னும் ஏதாவது இருந்தா அவரைப் பார்த்துச் சொல்லுங்க."

காத்திருந்தாள். நிஜமாகவே காத்திருந்தாள். அவரும் இந்தப் பக்கம் திரும்பினார். 'மாப்பிள்ளை' என்று ஆரம்பித்தால் மிச்சம் தானாக வந்துவிடும்.

"பாத்து ஓட்டு" என்றேன் அவளிடம்.

போய்விட்டார்கள். பக்கத்து டயர் கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து நின்றார்.

"மாப்பிள்ளை கைவேலை சுத்தம்ண்ணே. துளிப் புகை இல்ல, பாத்தீங்களா."

பார்த்தேன். வண்டி போன ரோட்டில் ஒன்றுமே இல்லை, சுத்தமாக இருந்தது. மைதானம் மேட்டுக்கு அந்தப் பக்கம்தான், சத்தம் இங்கே வரைக்கும் கேட்கும். கொஞ்ச நேரத்தில் கேட்டது. மகள் கியர் மாற்றுவது எனக்குத் தெரியும், ஒரு தடுமாற்றம் இருக்காது. ஒவ்வொரு கியருக்கும் சத்தம் மெலிந்து கூர்மையாகி ஏறியது. இவ்வளவு நல்ல சத்தம் என் பட்டறையிலிருந்து போனதில்லை.

போனை எடுத்தேன். ஓட்டுகிறவள் எடுக்க மாட்டாள். மாப்பிள்ளையின் நம்பரைத் தேடி அழுத்தி ஒரு காதில் வைத்தேன். ரிங் போய்க்கொண்டிருந்தது. இன்னொரு காதில் எஞ்சின் அடுத்த கியருக்கு ஏறிக்கொண்டிருந்தது.