கோரஸில் தெயானிரா

...சூடேறட்டும், அவசரப்படாதே என்று சொல்லிவிட்டுத்தான் போனான் கலிஸ்தோ, எவ்வளவு நேரம் என்று சொன்னானா, சொல்லியிருப்பான், அவன் பேசுகிற வேகத்தில் பாதி காதில் விழும், பாதி தெருவோடு போகும்... நாஃபெர் ஆடும் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அது ஆடாமலிருக்கக் காலை ஊன்றிக்கொண்டார். அலமாரி மேல் புதுப் பெட்டி. புதுசு என்று சொன்னால் பொய், தகரமும் மின்மாற்றியும் கலிஸ்தோ எங்கெங்கோ பொறுக்கியவை, கண்ணாடிக் குழல் வால்வுகள் மட்டும்தான் அட்டை பிரிக்காத பழைய ரஷ்யச் சரக்கு. கண்ணாடிக்குள்ளே சுருட்டு நுனிக் கங்கு மாதிரி ஒரு சிவப்பு, அவ்வளவுதான், இதற்காகவா இத்தனை மாதம் அலைந்தோம் என்றிருந்தது. ஊசி இசைத்தட்டிலிருந்து எடுத்துத் தருகிற சத்தம் பூனை மூச்சு அளவுக்குத்தான் இருக்கும், அதைப் பெரிய ஆம்ப்ளிஃபையரிடம் ஒப்படைப்பதற்கு முன் தேற்றி அனுப்புகிற வேலை இந்த ப்ரீ-ஆம்புக்கு. “பள்ளிக்கூடம் போற பிள்ளைக்கு சூப்பு குடுத்து அனுப்புற மாதிரி, மச்சான். உன் பழைய டிரான்சிஸ்டர் பெட்டி சூப்பு குடுக்கல, தண்ணி குடுத்துச்சு. நீ இத்தன வருஷமா கேட்டது பாட்டே இல்ல, அடுத்த வீட்டுல பாட்டு ஓடுற சத்தம். இனிமே கேளு, பாடுறவன் எச்சில் முழுங்குறதுகூட விழும்.” கலிஸ்தோவுக்கு வாய்க்கொழுப்பு. ஆனால் கைக்கு ஒன்றும் குறைவில்லை, உர்ரென்று அடித்த இரைச்சலை ஒரே ஒரு கம்பியைத் தண்ணீர்க் குழாயில் சுற்றி நிறுத்திவிட்டான். தூசி சூடாகிற வாசனை வந்துகொண்டிருந்தது.

ஞாயிறு காலை, இந்த நேரத்தை அவர்தான் தேர்ந்தெடுத்தார். சனிக்கிழமை விடிய விடிய ஆடிய ரெபோலோ தெரு இப்போது செத்தவன் மாதிரி தூங்கும், எதிர்வீட்டுக்காரன் ஸ்பீக்கரும் தூங்கும், காற்று மட்டும் கதவை அடித்துக்கொண்டிருக்கும், அதற்கும் ஒரு கல்லை முட்டுக்கொடுத்தாயிற்று. யாரும் வரமாட்டார்கள். யாரும் பார்க்கவும் வேண்டாம், எழுபதைத் தாண்டிய கிழவன் பெண்டாட்டி செத்ததிலிருந்து கம்பியும் ஊசியுமாய் அலைகிறான் என்று தெருவே சிரித்தாயிற்று, மற்ற கிழவர்கள் பெண்டாட்டி போனால் வேறு பெண்ணைத் தேடுவார்கள், இவன் வயரைத் தேடுகிறான் என்று கலிஸ்தோவே டோமினோ மேசையில் சொல்லியிருக்கிறான், சொல்லட்டும். முதலில் ஸ்பீக்கரை மாற்றினார், அப்புறம் ஊசியை, இப்போது இது. ட்ரம்பெட்டுக்காக இல்லை, கொங்கா மேளத்துக்காக இல்லை. ஒரே ஒரு பழைய தட்டில் கோரஸ் பாடுகிற மூன்று பெண்களில் ஒருத்திக்காக. பெண்டாட்டி தெயானிராவின் குரல் இந்த உலகத்தில் மிச்சமிருக்கிற ஒரே இடம் அந்த நான்கு வரிகள்தான். கைபேசியில் ஏதோ இரண்டு குரல்பதிவுகள் இருக்கின்றன, ஆஸ்பத்திரியிலிருந்து அவள் அனுப்பியவை, மூக்கில் குழாயோடு... அதை அவர் திறப்பதில்லை. அது நோயின் குரல். அவருக்கு வேண்டியது பத்தொன்பது வயதுக் குரல், தெளிவாக, தனியாக, ஒரே ஒரு தடவை கேட்டால்கூடப் போதும்.

வேறு நல்ல தட்டு ஒன்று வாங்கிவிடலாமே என்று கேட்பார்கள், விவரம் தெரியாதவர்கள். எதை வாங்குவது? அதற்குப் பெயரே இல்லையே. பெயரைச் சுரண்டியது யார், சாட்சாத் நாஃபெர்தான். அந்தக் காலத்தில் தெருமுனையில் ஆள் உயரத்துக்கு நிற்கிற ஸ்பீக்கர் பெட்டி அவருடையது, முன்பக்கத் துணியில் பச்சை முதலையொன்று வாய் பிளந்து நிற்கும், ‘பசித்த முதலை’ என்று சொன்னால் சந்தைவரைக்கும் தெரியும். அடுத்த முனைக்காரனிடம் இல்லாத பாட்டு எவனிடம் இருக்கிறதோ அவன்தான் சனிக்கிழமை ராஜா. அதனால் தட்டு கைக்கு வந்ததும் எல்லோரும் செய்கிற முதல் வேலை, நடுவில் ஒட்டியிருக்கிற காகிதத்தை நாணயத்தால் சுரண்டி எடுப்பது, எந்தக் கம்பெனி, யார் பாடியது, என்ன பாட்டு, ஒரு எழுத்து மிஞ்சக் கூடாது, எதிரி எட்டிப் பார்த்தால் வெறும் கறுப்புத்தான் தெரிய வேண்டும். இதையும் சுரண்டினார். கடைவீதியில் செருப்புக்கடைக்குப் பின்னால் ஒற்றை மைக் வைத்துப் பதிவு செய்தது, பாடியவன் பஸ் ஓட்டுகிறவன், கோரஸ் பாட அக்கம்பக்கத்துப் பெண்கள் மூன்று பேர், தெயானிரா, அவள் தங்கை ஒசிரிஸ், மூலைவீட்டு நூபியா. கூலியாக ஆளுக்கு ஒரு தட்டு. நூபியா தன்னுடையதோடு கராகஸ் போனவள் போனவள்தான். ஒசிரிஸுடையதை ஒரு மழையில் தெருவெள்ளம் கட்டிலோடு சேர்த்து இழுத்துக்கொண்டு போயிற்று. தெயானிரா தன்னுடையதை இவரிடம் கொடுத்தாள், கல்யாணத்துக்கு முன்னால், பாவாடையில் துடைத்துத் துடைத்து... அதைத்தான் அவள் கண்ணெதிரிலேயே சுரண்டினார். “அதுல என் பேரு இருந்துச்சு, நாஃபெர்.” “உன் பேரு எனக்குத் தெரியாதாக்கும்!” என்று சொல்லிச் சிரித்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது, அவள் சிரித்தாளா என்பதுதான் ஞாபகமில்லை. ட்ரம்பெட் பக்கவாட்டில் நகர்கிற மாதிரி இருக்கிறது என்று சனங்கள் அதற்கு ‘நண்டு’ என்று பெயர் வைத்தார்கள், நண்டு போடு, நண்டு போடு என்று கத்துவார்கள், உண்மைப் பெயர் அவருக்கே மறந்துபோயிற்று. தான் வெட்டிய குழியில் தானே விழுந்தவன் கதை. தட்டை மாற்ற முடியாது, ஆகவே மற்ற எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டிருக்கிறார்.

போதும், சூடேறியிருக்கும். தொட்டுப் பார்க்கலாமா, வேண்டாம், சுட்டுவிடும் என்று அவன் சொன்னது மட்டும் காதில் விழுந்திருக்கிறது. எழுந்து தட்டை வைத்தார், சனிக்கிழமை ராஜா முதல் தடவை தட்டு போடுகிற பையன் மாதிரி ஓரத்தைத் தேடுகிறார், பார்த்துக்கொள். ஊசி இறங்கியது. முதலில் கரகர, அந்தக் கரகரப்பே வேறு மாதிரி, ஒவ்வொரு கீறலும் தனித்தனியாக, இது சாந்தா மார்த்தா ஊருக்குப் போகும்போது லாரியில் விழுந்த கீறல், இது... ட்ரம்பெட் வந்தது. கடவுளே. சுவர் பின்னால் போய்விட்டது. கொங்காத் தோலில் உள்ளங்கை ஒட்டிப் பிரிவது கேட்கிறது, பஸ்காரன் வரி தொடங்குமுன் உதட்டை நனைப்பது கேட்கிறது, கலிஸ்தோ, கழுவுற மீனில் நழுவுற மீனே, உன் வாயில் சர்க்கரை போட வேண்டும்... இதோ வரப்போகிறது, இன்னும் இரண்டு வரி, ஒரு வரி... கோரஸ். இத்தனை வருஷமும் ஒரே கனத்த போர்வையாய் வந்த சத்தம் பிரிந்து, மூன்று பெண்கள் நின்றார்கள். ஒருத்தி கணீரென்று, மற்றவர்களுக்கு அரை அடி முன்னால், வரி முடிகிற இடத்தில் ஒரு சின்னச் சிரிப்போடு. அவளேதான்! அந்தச் சிரிப்பு பழைய பெட்டியிலேயே மங்கலாய்க் கேட்கும், வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் விரலைத் தூக்கி, “கேளு, கேளு, அந்தா, என் பொண்டாட்டி!” என்று எத்தனை தடவை சொல்லியிருப்பார். இப்போது அது அறைக்குள்ளேயே வந்து நின்றது, பல் தெரிய. நாஃபெர் அழுதார். வாயைப் பொத்திக்கொள்ளாமல், தூங்குகிற தெரு கேட்டால் கேட்கட்டும் என்று அழுதார். வந்துட்டியாடி, வந்துட்டியா...

மறுபடி வைத்தார். அந்தச் சிரிப்பு மறுபடி வந்தபோது கதவுக் கல் நகர்கிற சத்தம், ஒசிரிஸ், இடுப்பில் பாத்திரம், இலையில் கட்டிய லிசா மீன் சோற்று வாசனை அவளுக்கு முன்னால் உள்ளே வந்துவிட்டது. அக்கா போனதிலிருந்து ஞாயிறானால் கொண்டுவருகிறாள், வேண்டாமென்றாலும் கேட்பதில்லை, ஆனால் இவ்வளவு சீக்கிரம் வருவதில்லையே. கண்ணைத் துடைக்க நேரமில்லை. அவள் அதைப் பார்க்கவுமில்லை, வாசற்படியிலேயே நின்று தலையைச் சாய்த்து, முகமெல்லாம் விரிந்து, “அய்யய்யோ அத்தான், யாரு இது? நானா இது?” என்றாள். “நான்தான்! அந்த வரிக் கடைசில சிரிப்பு வந்திருச்சு எனக்கு, நூபியா என் காலை மிதிச்சுட்டா, அந்த பஸ்காரன் மொறைச்சான் பாருங்க ஒரு மொறைப்பு! எம்மா, என்ன கொரலு எனக்கு அப்ப, கண்ணாடித் துண்டு மாதிரி. இப்ப பாருங்க, தவளை.” அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். நாஃபெருக்கு நாற்காலியின் கை எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை.

இவளா. இல்லை, ஞாபகப் பிசகு, கிழவிக்கு என்ன தெரியும்... ஆனால் நூபியா காலை மிதித்தது, முறைத்தது, இதெல்லாம் எவளும் இட்டுக்கட்டுவாளா? அப்படியென்றால் நாற்பது வருஷமும் விரலைத் தூக்கி அந்தா என் பொண்டாட்டி என்று காட்டியது... மைத்துனியையா? பக்கத்தில் தெயானிரா இருப்பாளே. காப்பித் தட்டோடு நிற்பாள், வந்தவர் அட அப்படியா என்று அவளைத் திரும்பிப் பார்ப்பார், அவள் என்ன செய்வாள், தலையை ஆட்டுவாள், இல்லை, கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள். அது நான் இல்லை என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? ஏன் சொல்லவில்லை? இவர் முகம் வாடிவிடுமென்றா, இல்லை, எப்போதாவது தானாகக் கண்டுபிடிக்கிறானா பார்ப்போமென்றா... எப்படிக் கேட்பது என்று தெரியாமல், சும்மா கேட்பது மாதிரி கேட்டார். “அப்ப அக்கா எங்க இருக்கா இதுல?”

“இது என்ன கேள்வி, உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும். பெட்டி புதுசில்ல, உனக்குப் பிரிச்சுக் கேக்குதான்னு பாக்குறேன்.”

அவள் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு, கோரஸ் திரும்பி வரும்வரை கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். வந்ததும் கையைத் தாழ்த்தி, தரையில் எதையோ காட்டுகிற மாதிரி காட்டினாள். “அந்தா. கீழ போகுது பாருங்க, மெத்தன்னு, அடிக்கொரலு. நானும் நூபியாவும் மேல கெடந்து கத்துறோம், எங்களைத் தாங்கிக்கிட்டு கீழ போறா பாருங்க, அதான் அக்கா. அவ இல்லேன்னா நாங்க ரெண்டு பேரும் கோழி. கேட்டுச்சா?” கேட்டது. வால்வு எதையும் ஒளிக்கவில்லை. ஒரு குரல், ஆண்பிள்ளைக் குரலுக்குப் பக்கத்தில் இருந்தது, அவசரமில்லாமல், ஒவ்வொரு சொல்லையும் முழுசாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போயிற்று. நல்ல குரல். யாரோ ஒருத்தியின் நல்ல குரல். அவர் காத்திருந்தார், உள்ளே ஏதாவது அசையும், இது அவள்தான் என்று எழுந்திருக்கும் என்று, ஒன்றும் எழுந்திருக்கவில்லை, பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரி பாடினால் எப்படியோ அப்படித்தான். இந்தக் குரலுள்ளவளோடா நாற்பது வருஷம் ஒரே கட்டிலில் படுத்தேன்? சிரிப்போடு பாடிய பெண்ணும் போய்விட்டாள், அவள் இருந்த இடத்துக்கு வர வேண்டியவளும் வரவில்லை. இன்று காலைவரை அந்தப் போர்வைச் சத்தத்தில் எங்கே கைவைத்தாலும் தெயானிரா இருந்தாள்.

“கேட்டுச்சா அத்தான்?”

“ம். அவதான்” என்றார் நாஃபெர். “எனக்குத் தெரியாதா?”

ஒசிரிஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சாப்பாட்டுத் தட்டு எடுக்கச் சமையல்கட்டுக்குள் போனாள். அலுமினியச் சத்தம், குழாய்ச் சத்தம். பஸ்காரன் கடைசிச் சரணத்துக்கு வந்துவிட்டான், இன்னொரு தடவை கோரஸ் வரும், இந்தத் தடவை கீழேதான் கேட்க வேண்டும், மேலே உள்ளவர்களை விட்டுவிட்டு கீழே, பழகிக்கொள்ளலாம், புதுக் குரல் காதுக்குப் பழக நாளாகும்... கோரஸ் வந்தது. உள்ளேயிருந்து ஒசிரிஸும் கூடவே பாடத் தொடங்கினாள், தவளைக் குரலில், அக்காவின் வரியை, கீழே. நாஃபெரின் கை தானாகவே எழுந்தது. “ஷ்ஷ்! ரிக்கார்டு ஓடுதுல்ல!”

பாட்டு சட்டென்று நின்றது. “ஆமா, மறந்துட்டேன்” என்றாள் அவள் உள்ளேயிருந்து, கோபமில்லாமல். “அக்கா சொல்லுவா, ரிக்கார்டு ஓடுறப்ப இந்த வீட்டுல யாரும் வாயத் தெறக்கக் கூடாதுன்னு.” குழாய்த் தண்ணீர் மட்டும் ஓடியது. இந்த வீட்டில் ரிக்கார்டு எப்போது ஓடாமல் இருந்தது? காலையில் ஓடும், சாயங்காலம் ஓடும், ஞாயிறு முழுக்க ஓடும், தெயானிரா அங்கேதான் நின்று மீன் கழுவுவாள், வாழைக்காய் நறுக்குவாள், ஏதோ ஒரு வரியில் கூடச் சேர்ந்துகொள்வாள், இவர் கை எழும், ஷ்ஷ், நிறுத்திவிடுவாள், எத்தனையோ ஞாயிறு... பாடு ஒசிரிஸ், பரவாயில்லை, பாடு என்று சொல்ல வாயைத் திறந்தார், அதற்குள் கோரஸ் முடிந்து ட்ரம்பெட் பக்கவாட்டில் நகரத் தொடங்கியிருந்தது. கை இன்னும் இறங்கவில்லை. அந்த ஞாயிறுகளில் ஏதாவது ஒன்றை, ஒரே ஒன்றைப் பிடித்து இழுத்துக் கேட்டுப் பார்த்தார், சமையல்கட்டு வந்தது, மீன் வாசனை வந்தது, அவள் முதுகு வந்தது, அவள் நிறுத்துவது வந்தது. நிறுத்துவதற்கு முன் அவள் பாடியது கீழ்க்குரலாக இருந்ததா, மேல்குரலாக இருந்ததா, எவ்வளவு யோசித்தும் அவருக்குத் தெரியவில்லை.